சுடாத காலு

மொதல்ல மானக்கேடான ஒரு விசயத்த சொல்லிடறேன். அத மறைச்சிட்டு மத்தத சொன்னா நீங்க என்ன வெவரமான ஆளுன்னு நெனச்சிக்குவீங்க.

எங்க ஊரு துரோபதை அம்மன் கோயில் தீமிதியில, என் கூட எறங்கினவங்க எல்லாம் குடுகுடுன்னு ஓடி அந்தாண்ட ஏறிட்டாங்க. நான் நடுக்குழியில நின்னேன். சும்மா நிக்கல. செல்போனுல வீடியோ எடுத்துக்கினு இருந்தவங்கள பாத்து கைய ஆட்டினேன். அப்பறம் ஒரு சுத்து சுத்தி, பின்னால நின்னவங்களுக்கும் மூஞ்சிய காட்டினேன். ஏன்னா எனக்கு சுடல. சிமெண்டு தரையில நிக்கறாப்ல இருந்துச்சி. அம்மா என் ஒருத்தனுக்காக நெருப்ப ஆத்தி வச்சிட்டாங்கன்னு நெனச்சேன்.

அம்மா ஆத்தல. என் முதுகுத்தண்டுல நரம்பு கெட்டுப்போயிருந்துச்சி. சுடுதுன்ற சேதி காலுலேர்ந்து கெளம்பி மூளைக்கு வந்து சேரல. அவ்ளோதான் நடந்த அதிசயம்.

எம்.எஸ்.னு டாக்டரு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டவங்களுக்கும், அவங்களோட குடித்தனம் பண்றவங்களுக்கும் இத எழுதறேன். முழுப்பேரு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (மூளை, முதுகுத்தண்டு நரம்பு மேல இருக்கற உறைய நம்ம ஒடம்பே எதிரின்னு நெனச்சி அரிச்சி, அங்கங்க தழும்பாக்கிடற வியாதி). ஒயரு மேல இருக்கற ரப்பர எலி கடிச்சி வச்சாப்லன்னு எங்க டிரைவரு ஏழுமலைக்கு சொன்னேன்.

"அந்த எலிய புடிக்க முடியாதா மாமே?"ன்னு கேட்டான்.

"எலியும் நான்தான்டா"ன்னேன்.

நான் கண்டக்டரு. விழுப்புரம் திண்டிவனம் ரூட்டுல தனியார் வண்டி. வீடு கெடார் பக்கத்துல. ஓடற வண்டியில கம்பிய புடிக்காம நிக்கறவன்தான் கண்டக்டரு, புடிச்சா அவன் பாசஞ்சரு. நான் அப்டித்தான் வருசக்கணக்கா நின்னேன். "படியில தொங்கற மாப்ளைங்கல்லாம் உள்ள வாங்கப்பா, பொண்ணு வீட்டுக்காரங்க உள்ளதான் இருக்காங்க"ன்னு நான் சொன்னா, தெனமும் கேக்கறவங்களே தெனமும் சிரிப்பாங்க. அதுக்குன்னே என் வண்டிக்கு நின்னு ஏறுவாங்க. நானா சொல்லிக்கல, ஓனரே சொல்லியிருக்காரு.

மொத மொதல்ல வந்தது காலு இல்ல, கழுத்து. சில்லற எடுக்க பையப் பாத்து குனிஞ்சா, முதுகு நெடுக கரெண்டு ஓடும். தலைய நிமித்தினா நின்னுடும். கழுத்த குனிஞ்சா முதுகெலும்பு வழியா ஷாக் அடிக்கறது இந்த வியாதியில பல பேருக்கு வர்ற மொத அறிகுறின்னு பின்னாடி டாக்டரம்மா சொன்னாங்க. அப்ப நான் என்னா பண்ணேன்னா, வண்டியில எர்த் லீக்கேஜுன்னு சொல்லி திண்டிவனத்துல மெக்கானிக்க வர வச்சேன். அவரு சீட்டுக்கு அடியில படுத்து, பேட்டரி ஒயரு எல்லாத்தையும் தடவிப் பாத்தாரு.

"வண்டியில ஒன்னுமில்ல. வண்டி நெறைய ஜனம் போகுது, உனக்கு மட்டும் எப்டிய்யா அடிக்குது?"

"ஓசியில போறவன் நான் ஒருத்தன்தானே, அதனாலயா இருக்கும்"னேன்.

அப்பறம் காலு. பஞ்சு மேல நடக்கறாப்ல ஆரம்பிச்சி, தெர்மாகோல் மேல நடக்கறாப்ல ஆச்சி. ஒரு நாளு வீட்டுக்கு ஒத்தச் செருப்போட போயி நின்னேன். இன்னொன்னு எங்க கழண்டுச்சின்னே தெரியல.

"இன்னொரு செருப்பு எங்கயா?"ன்னு கேட்டா அஞ்சலை. என் சம்சாரம்.

"டிக்கெட் வாங்காம எறங்கிடுச்சி"ன்னேன்.

அவ சிரிக்கல. என் காலப் புடிச்சி, கட்ட வெரல்ல கிள்ளினா. நான் அவ மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். கிள்ளி முடிச்சிட்டாளா இல்லயான்னு அவ மூஞ்சிய பாத்துத்தான் தெரிஞ்சிக்க வேண்டியிருந்துச்சி. அன்னிக்கே அம்மனுக்கு வேண்டிக்கினா. என் புருசன் காலு சரியாவட்டும், அந்தக் காலாலயே வந்து நெருப்பு மிதிப்பாருன்னு.

காலு சரியாவல, அதுக்குள்ள தீமிதி வந்துடுச்சி, காப்பு கட்டினேன். கட்டினா கறி மீனு கூடாது, தண்ணி கூடாது, சம்சாரம் பக்கத்துல படுக்கக் கூடாது, பகல்ல வேலைக்குப் போலாம், பொழுது சாஞ்சா ஊரு எல்லைக்குள்ள இருக்கணும். எல்லாத்தயும் ஒழுங்கா பண்ணேன். ஏழுமலை என் எதிர்க்கவே மீனு வறுவல் துன்னான், நான் மோரு குடிச்சேன். சத்தியமா சொல்றேன், ஒரு தப்பும் பண்ணல. இத ஞாபகம் வச்சிக்குங்க, பின்னாடி வேணும்.

தீமிதி அன்னிக்கி நடந்தத சொன்னேன். மீதி இதுதான். சுத்தி முடிச்சிட்டு கரை ஏறப் போனேன். வலது கண்ணுல பாலு ஊத்தினாப்ல வெள்ளையாச்சி. காலு ரெண்டும் என்ன கேக்காம மடங்குச்சி. நெருப்ப தாண்டினதும் கால நனைக்கறதுக்கு வெட்டி வச்சிருக்கற பால்குழியில குப்புற விழுந்தேன். அருளு வந்துடுச்சின்னு உடுக்கை ஏறுச்சி. பொம்பளைங்க கொலவ போட்டாங்க. யாரு யாரோ என் கால்ல மஞ்சத்தண்ணி ஊத்தி கும்புட்டாங்க. நெருப்புல நின்னு ஆடின மனுசன்னு சொல்லி என் மச்சான், அதான் அஞ்சலையோட அண்ணன் குப்புசாமி, என்ன தோள்ல தூக்கிக்கினு வந்தாரு. வாழ்க்கையில எனக்குக் கெடச்ச ஒரே மரியாத அது. ஒரு பொழுது இருந்துச்சி.

காத்தால எழுந்து தண்ணி குடிக்க நடந்தேன். பின்னால அஞ்சலை பாத்துக்கினே வந்தா. சிமெண்டு தரையில நான் வச்ச எடமெல்லாம் ஈரம். கால திருப்பிப் பாத்தா அடித்தோலு முழுக்க கொப்புளம், பாதி ஒடஞ்சி தொங்குது. எனக்கு இன்னும் சுடல.

அவ போயி கதவ சாத்தினா.

எங்க பக்கத்துல இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. சுத்தமா இருந்தவனுக்கு சுடாது. சுட்டுதுன்னா காப்போட எங்கயோ அசிங்கம் பண்ணியிருக்கான். அதனால கொப்புளத்த மறைச்சோம். மஞ்சள அப்பி, துணிய சுத்தி, மேல சாக்ஸும் ஷூவும் போட்டு வேலைக்குப் போனேன். வலி இல்லாத மனுசனுக்கு ஷூவுல இன்னா கஷ்டம். நாத்தம் வந்தப்பறம்தான் ஏழுமலை கழட்டச் சொன்னான். அன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடுச்சி. மஞ்சத்தண்ணி ஊத்தினவங்க எல்லாம் ஊத்தினதுக்கு வெக்கப்பட்டாங்க. தோள்ல தூக்கின மச்சான் சொன்னாரு: "காப்பு கட்டிக்கினு எங்கயோ மேஞ்சிருக்கான்."

விழுப்புரத்துல புண்ண பாத்த டாக்டரு மொதல்ல சுகர் டெஸ்ட் எழுதினாரு. சுகர் இல்ல. அவரு பேனாவால என் பாதத்த சுரண்டிக்கினே யோசிச்சாரு. "சுகரும் இல்ல, ஆனா நெருப்புல நின்னது தெரியல. நீங்க பாண்டிச்சேரி போயி நரம்பு டாக்டர பாருங்க"ன்னாரு. நல்ல மனுசன். அவரு கட்டு மட்டும் போட்டு அனுப்பியிருந்தா நான் இன்னும் ரெண்டு வருசம் கோயிலு கோயிலா சுத்தியிருப்பேன்.

பாண்டிச்சேரியில எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க (காந்தத்த வச்சி ஒடம்புக்குள்ள படம் புடிக்கற மெசினு, கொழாய்க்குள்ள படுக்கணும், தலை மேல தகரம் தட்டறாப்ல சத்தம் வரும்). முதுகுல ஊசி போட்டு தண்டுவட நீர எடுத்தாங்க (மூளையையும் முதுகுத்தண்டையும் சுத்தி இருக்கற தண்ணி, அதுல இந்த வியாதியோட அடையாளம் தெரியும்). எடுத்தப்பறம் தலைவலி வந்தா பயப்படாதீங்க, படுத்தா கொறையும்.

டாக்டரம்மா படத்த வெளிச்சத்துல காட்டினாங்க. என் மூளையில வெள்ள வெள்ளையா புள்ளி. பாரின்ல கொட்டற பனி மாதிரி அழகாத்தான் இருந்துச்சி.

"இதுல எதாவது அறிவுன்னு தனியா தெரியுதாமா?"ன்னு கேட்டேன்.

அவங்க சிரிச்சாங்க, ஆனா கண்ண என் மேலேர்ந்து எடுக்கல. வியாதி பேர சொன்னாங்க. முழுசா கொணமாக்க மருந்து இல்லன்னாங்க. அடிக்கடி வராம தள்ளிப் போட ஊசி இருக்குது, எவ்ளோ ஜல்தியா ஆரம்பிக்கறமோ அவ்ளோ நல்லதுன்னாங்க. நான் தீமிதி கதைய சொன்னேன், கொஞ்சம் பெருமையாவே.

"சூடு ஏறினா கெட்டுப்போன நரம்பு இன்னும் மெதுவாயிடும். கண்ணு மங்கினது, கால் மடங்கினது, எல்லாம் அதனாலதான். ஆறினதும் சரியாயிருக்குமே?"

"ஆயிடுச்சிமா. அப்ப அது அருளு இல்லயா?"

"அது எனக்குத் தெரியாது. சூடு உங்களுக்கு ஆகாதுன்றது மட்டும் தெரியும். வெயில், வெந்நீர், ஜுரம், எல்லாத்துலயும் ஜாக்கிரதையா இருங்க. நெருப்ப பத்தி நான் தனியா சொல்லணுமா?"

அஞ்சலை அதுவரைக்கும் ஓரமா நின்னுக்கினு இருந்தா. அவ ஒன்னே ஒன்னுதான் கேட்டா.

"இது எதனால வந்துச்சிமா? இவரு இன்னா பண்ணாரு?"

"அவர் எதுவும் பண்ணலமா. யாருக்கு ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது."

டாக்டரம்மா ஆறுதலாத்தான் சொன்னாங்க. ஆனா அத விட மோசமா ஒன்ன அவகிட்ட சொல்லியிருக்க முடியாது. பஸ்ஸுல வரும்போது சன்னல பாத்துக்கினே சொன்னா: "ஏன் வந்துச்சின்னே தெரியாதவங்களுக்கு, எப்டி போவும்னு மட்டும் தெரியுமா?"

ஸ்டீராய்டு ஏத்தினாங்க (வீக்கத்த சட்டுன்னு அடக்கற மருந்து, கையில ட்ரிப்பா ஏறும்). காலு பாதி வந்துச்சி. வாயெல்லாம் கசப்பு, இருந்தும் ஆனப் பசி. வாரத்துக்கு ஒரு தடவ போடற ஊசியும் எழுதிக் குடுத்தாங்க, இன்டர்ஃபெரான்னு பேரு (நம்ம ஒடம்பு நம்மளையே கடிக்கறத கொஞ்சம் தடுக்கற மருந்து). தொடையில வீட்லயே போட்டுக்கணும். என் கை நடுங்கறதால, நர்ஸு அஞ்சலைக்கு ஒரு சாத்துக்குடிய குடுத்து குத்தக் கத்துக்குடுத்தாங்க. நல்லா குத்தினா.

வீட்டுக்கு வந்து ஊசி டப்பாவ ஃபிரிட்ஜுல மாவு குண்டானுக்கு பக்கத்துல வச்சா. குத்தல.

இடையில, செஞ்சி ரோட்டுல குறி சொல்ற அம்மா ஒருத்தங்ககிட்ட அவள குப்புசாமி கூட்டிக்கினு போயிருந்தாரு. அந்தம்மா சொன்னாங்களாம்: "ஒன்ன மறைக்கறான். அது வெளிய வர்ற வரைக்கும் எந்த மருந்தும் ஒட்டாது. போட்டா எதிராத் திரும்பும்."

"இன்னா பண்ண? சொல்லிடுயா"ன்னு அஞ்சலை கேக்க ஆரம்பிச்சா. சோறு போடும்போது கேப்பா. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஆய்ஞ்சிக்கினே கேப்பா.

"ஒன்னும் பண்ணலடி."

"தண்ணி போட்டியா?"

"இல்ல."

"திண்டிவனத்துல எவளாச்சும்..."

"இந்த மூஞ்சிக்கா?"

"வெளாடாத. சொல்லு, நான் எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். சொன்னாதான் அந்த ஊசிய தொடுவேன்."

அவள திட்டாதீங்க. எனக்கு எதிராத் திரும்பிடுமோன்னு பயந்துதான் அவ தொடல. ஊசி உள்ள குளிர்ல இருந்துச்சி, நான் வெளிய காஞ்சிக்கினு இருந்தேன்.

ரெண்டாவது தாக்குதலு பஸ்ஸுல வந்துச்சி. தாக்குதலுன்னா புதுசா ஒரு எடத்துல நரம்பு கெடறது. விக்கிரவாண்டி தாண்டினதும் இடுப்புக்குக் கீழ ஒரு சூடு எறங்கினாப்ல இருந்துச்சி. சூடு தெரியுதேன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன். குனிஞ்சி பாத்தா பேண்டு நனைஞ்சிக்கினு இருக்குது. நிறுத்த முடியல. வண்டி ஃபுல் லோடு. தீமிதி அன்னிக்கி என் கால்ல மஞ்சத்தண்ணி ஊத்தின எங்க ஊரு அம்மா ஒருத்தி மொத சீட்டுல இருந்தா. முந்தானையால மூக்க மூடிக்கினு, "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான், சனியன்"னா. கம்பிய புடிக்கலாம்னு கைய நீட்டினேன். கம்பி ரெண்டா தெரிஞ்சிது. இல்லாத கம்பிய புடிச்சி விழுந்தேன்.

ஏழுமலை வண்டிய ஓரங்கட்டினான். அவனோட தண்ணி பாட்டில தொறந்து என் மேலயும் தரையிலயும் கவுத்தான். "கேனு ஒடஞ்சிடுச்சி, பாத்து எறங்குங்க, வழுக்கும்"னு எல்லாருக்கும் சொன்னான். அந்த வெயில்ல திண்டிவனம் வரைக்கும் தண்ணி குடிக்காம ஓட்டினான். நம்பினவங்க யாரும் இல்ல. ஆனா அதுக்கப்பறம் யாரும் பேசல.

திரும்ப ட்ரிப்பு. கண்ணு ஓரளவு வந்துச்சி, மரத்துப்போன இடது கை வரல. கண்டக்டர் வேல போச்சி. ஊசி டப்பா அப்டியே இருக்குது. டாக்டரம்மா கேட்டப்ப, "போட்டுக்கினுதான் இருக்கோம்"னு அஞ்சலை தலைய குனிஞ்சிக்கினு சொன்னா.

மறுநாளு அவ திரும்ப கேட்டா. "இன்னா பண்ணயா?"

நான் சொன்னேன்: "பிரியாணி துன்னேன்."

ஏன் பிரியாணி? வாயில அதான் வந்துச்சி. ஒரு தப்பு கெடச்சா இவ ஊசிய தொடுவா, தப்பும் ஆள கொல்ற அளவுக்கு இருக்கக்கூடாது. பொம்பள விசயம்னா வீட்ட விட்டே போயிடுவா. தண்ணின்னா நம்ப மாட்டா, எனக்கு அது ஒத்துக்காதுன்னு அவளுக்குத் தெரியும். கடையில சரக்கு எடுக்கறாப்ல ஒரு பாவத்த எடுத்தேன்.

"எங்க?"

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பின்னாடி."

"காப்பு கையோடயா?"

"கைய பின்னால மறைச்சிக்கினு."

"கோழியா, ஆடா?"

"கோழி."

"எவ்ளோ?"

இங்க நிறுத்தியிருக்கணும். என் வாயிக்கு நிறுத்தத் தெரியாது. "ஒரு ஃபுல்லு. லெக் பீசு ரெண்டு. முட்டையும்."

அவ முந்தானைய வாயில வச்சிக்கினு அழுதா. அழுது முடிச்சி மூஞ்சி கழுவினா, விளக்கு ஏத்தினா, ஃபிரிட்ஜ தொறந்து டப்பாவ எடுத்தா. என் தொடைய துடைச்சி மொத ஊசிய குத்தினா. சாத்துக்குடிய விட எனக்கு கொஞ்சம் அழுத்தியே குத்தினா.

அந்த ஊசி போட்டா ஜுரம் வரும். ஜுரம் வந்தா சூடு, சூடு வந்தா காலு போவும். மறுநாளு காலு வரும். மொத தடவ செத்துட்டேன்னே நெனச்சேன். நீங்க நெனைக்காதீங்க. முன்னாடியே ஜுர மாத்திர போட்டுக்குங்க, ஈரத்துணி வச்சிக்குங்க, பழகிடும்.

அதுக்கப்பறம் வீடு நல்லா இருந்துச்சி. அஞ்சலை தூங்கினா. என்ன திட்டினா, நல்லா சத்தமா, ஆரோக்கியமா திட்டினா. "பிரியாணி மூஞ்சி"ன்னு பேரு வச்சா. ஊசி வாரம் தவறல. புதுசா எதுவும் வரல. ஒரு பொய்யால இவ்ளோ நல்லது நடக்குதேன்னு என் சாமர்த்தியத்த நானே மெச்சிக்கினேன்.

பங்குனி கடைசியில ஒரு நாளு, கேப்பைக்கூழ கரைச்சிக்கினே சொன்னா: "இந்த வருசம் தீமிதிக்கு நான் காப்பு கட்டறேன்."

"எதுக்கு?"

"நீ துன்னதுக்கு. உன்ன நெருப்பாண்டயே போகக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. யாராச்சும் கட்டணும் இல்ல?"

ஏழுமலைகிட்ட போயி சொன்னேன்.

"போயி உண்மைய சொல்லிடு மாமே. வீட்ல சாத்தப் போறாங்க, வாங்கிக்க."

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாடா."

"அப்ப உன் காலுக்காக அவங்க கால பணயம் வெக்கறியா?"

ஆமா. அதான். அத அவன் அவ்ளோ சுருக்கமா கேட்டுட்டான். உண்மைய சொன்னா அவ ஊசிய நிறுத்துவா, நிறுத்தினா நான் படுத்துடுவேன். சொல்லலன்னா அவ நெருப்புல எறங்குவா. குடுகுடுன்னு ஓடினா யாருக்கும் ஒன்னும் ஆகறதில்ல, வருசாவருசம் எத்தன பேரு மிதிக்கறாங்க, நின்னவன் நான் ஒருத்தன்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். காப்பு கட்டினா. பட்டினியா கெடந்தா. நான் ஒவ்வொரு நாளும் நாளைக்கு சொல்லிடலாம்னு இருந்தேன்.

தீமிதி அன்னிக்கி நான் தூரமா, பூவரசு மர நெழல்ல, தலையில ஈரத்துண்டோட ஒக்காந்திருந்தேன். கூட ஏழுமலை. என் கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சிது. மஞ்சப் பொடவையில ரெண்டு அஞ்சலை வரிசையில வந்தாங்க. ரெண்டு பேரும் எறங்கினாங்க.

"ஓடறாளாடா?"

ஏழுமலை எழுந்து நின்னு எட்டிப் பாத்தான்.

"ஏழுமலை, ஓடறாளா?"

"நிக்கறாங்க மாமே."

நான் நின்ன எடத்துல நின்னா. நான் கைய ஆட்டின எடத்துல, கைய தலைக்கு மேல கூப்பிக்கினு நின்னா. நான் சிரிச்சிக்கினே நின்னதுக்கும் சேத்து மன்னிப்பு கேட்டிருக்கா. எழுந்து ஓடப் பாத்தேன். காலுக்கு சொன்னேன். காலு கேக்கல. துண்டோட அங்கயே மண்ணுல குப்புற விழுந்தேன். கத்தினேன், உடுக்கை சத்தத்துல எனக்கே கேக்கல. யாரோ அவள புடிச்சி பால்குழிக்கு தள்ளினாங்க.

குப்புசாமி மைக்காண்ட நின்னு அழுதுக்கினே எல்லாருக்கும் சொன்னாராம்: "மச்சான் துன்ன பிரியாணிக்கு என் தங்கச்சி காலு வெந்துச்சி." அதோட பிரியாணியும் ஊருக்குத் தெரிஞ்சிது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில கட்டு பிரிச்சி சுத்தம் பண்ணும்போது நான் பக்கத்துல இருந்தேன். அவ அலறின அலறல அதுக்கு முன்னாடி நான் கேட்டதில்ல. புள்ள பெத்தப்ப கூட பல்ல கடிச்சிக்கினவ. என் புண்ண அதே மாதிரி சுத்தம் பண்ணும்போது, நான் நர்ஸுகிட்ட பஸ் ஜோக்கு சொல்லிக்கினு இருந்தேன். அதே புண்ணு. அதே நெருப்பு. அவ வலியில கட்டில் கம்பிய புடிச்சா. நான் அவ கைய புடிச்சேன், ஆனா இடது கையால புடிச்சிட்டேன், அவ எவ்ளோ அழுத்தறான்னு எனக்குத் தெரியல.

கட்டு போட்டு முடிச்சி நர்ஸு போனப்பறம் சொன்னேன்.

"அஞ்சலை. நான் பிரியாணி துன்னல."

அவ ஃபேன பாத்துக்கினு இருந்தா.

"நீ ஊசி போடணும்னுதான் அப்டி சொன்னேன். காப்புல நான் ஒரு தப்பும் பண்ணல. மோருதான் குடிச்சேன்."

கண்ண எறக்காமயே கேட்டா. "லெக் பீசு?"

"அதுவும் இல்ல."

அவ்ளோதான். மூஞ்சிய செவுத்து பக்கம் திருப்பிக்கினா. மாசக்கணக்கா பேசல. ஊசி நாளு வந்தா, கட்டுப் போட்ட கால இழுத்துக்கினு ஃபிரிட்ஜாண்ட போவா, எடுப்பா, துடைப்பா, குத்துவா, போயிடுவா. ஒரு வாரம் கூட விடல. எதுக்கு விடலன்னு எனக்குத் தெரியாது. கேக்க தைரியம் இல்ல. சண்ட போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

உங்களுக்கு புத்தி சொல்ற தகுதி எனக்கு இல்ல. இருந்தாலும் ஒன்னு சொல்றேன். உங்க வீட்லயும் கேப்பாங்க, ஏன் வந்துச்சின்னு. டாக்டருக்கே தெரியாதுன்னு சொல்லுங்க. திரும்பத் திரும்ப கேப்பாங்க, திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்க. நல்ல மனசோட கூட ஒரு காரணத்த செஞ்சி குடுத்துடாதீங்க. அத வாங்கிக்கினு அவங்க எங்க போயி நிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

இப்ப நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எங்க வண்டிங்களுக்கு டைம் கீப்பரு. எந்த வண்டி எப்ப எடுக்கணும்னு சொல்றவன். ஓனரு இரக்கப்பட்டு குடுத்தாரு. ஒரு நிமிசத்துக்காக டிரைவருங்க அடிச்சிக்குவாங்க, நான் கைக்கடிகாரத்த காட்டி விலக்குவேன். சிரிப்பா இருக்குது. என் ஒடம்புக்குள்ள எந்த வண்டியும் டைமுக்கு வர்றதில்ல. எழுந்திருன்னு காலுக்கு சொன்னா, அந்த உத்தரவு கூட்டேரிப்பட்டுல எறங்கி டீ குடிச்சிட்டுத்தான் வருது. சில நாளு வழியிலயே நின்னுடுது. வெயிலு ஏறறதுக்கு முன்னாடி நான் ஒரு மனுசன், ஏறினப்பறம் வேற மனுசன். காலண்டர பாத்து நாள எண்றத விட்டுட்டேன். அடுத்த தாக்குதலு வர்ற வரைக்கும் இருக்கறதுதான் இப்ப எனக்கு நாளு.

காலு இன்னும் சுடறதில்ல. குளிக்கற தண்ணிய அஞ்சலைதான் கைய விட்டுப் பாத்து ஊத்தறா. அவ பாதம் ஆறிடுச்சி, ஆனா தோலு மெல்லிசா, ரோஸ் கலர்ல இருக்குது. செருப்பில்லாம மல்லாட்டை கொல்லையில எறங்க முடியல. வாசல்ல ஒரு சின்ன கல்லு குத்தினாலும் ஸ்ஸ்னு நின்னுடறா. அந்த சத்தம் வரும்போதெல்லாம் நான் என் கால பாத்துக்குவேன்.

போன வாரம் ஊசி நாளு. அவ என் தொடைய துடைச்சிக்கினு இருந்தா. இந்த வருச தீமிதிக்கு காப்பு கட்டறவங்க பேரு குடுக்கலாம்னு கோயில் மைக்குல சொன்னாங்க. ரெண்டு பேரும் கேட்டோம். அவ ஊசிய குத்தி, மருந்து முழுசா எறங்கற வரைக்கும் அழுத்தி, வெளிய எடுத்தா. ரொம்ப மாசம் கழிச்சி அவளா ஒரு பேச்சு பேசினா.

"இந்த வருசம் நீயே எறங்குயா. உனக்குத்தான் சுடாதே."